இறந்தவருடன் கதைக்கக் கூடாது என்ற விதி வந்த விதம்

போன மாதம் உங்களுடைய பயிற்சி வகுப்புக்கு என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். அனுபவமுள்ளவர் என்று சொல்லி முன்வரிசையில் கதிரை போட்டிருந்தார்கள். நான் பின்னுக்குப் போய்க் கதவடியில் இருந்தேன். ஐசியூ வாசலில் சிற்றூழியராக நின்று, பிறகு உறவினர் அறையில் குடும்பங்களோடு இருக்கிற வேலைக்கு மாறி, அதிலேயே ஓய்வு பெற்ற ஆள் நான். கதவுக்குக் கிட்ட இருந்தால்தான் மனம் ஒரு நிலையில் நிற்கும்.

மூளைச்சாவு அடைந்த ஒருவரின் குடும்பத்திடம் உறுப்புத் தானம் பற்றி எப்படிக் கதைப்பது என்று நடித்துக் காட்டச் சொன்னார்கள். ஒரு பிள்ளை தாயாக நடித்தது, இன்னொரு பிள்ளை தாதி மிஸ்ஸாக நடித்தது. தாய் கொஞ்சம் அழுதா. மிஸ் தோளில் கை வைத்தா. தாய் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஓம் என்று சொல்லிவிட்டா. தேத்தண்ணி ஆறுவதற்கு முன்னமே இரண்டு சிறுநீரகமும் ஈரலும் கிடைத்துவிட்டன. நீங்கள் எல்லாரும் கை தட்டினீர்கள். எனக்கு எழும்பி வீட்டுக்குப் போவோமா என்றிருந்தது.

அதற்குப் பிறகு திரையில் ‘செய்யக் கூடாதவை’ என்று ஒரு வரிசை வந்தது. அதில் ஒன்று: மூளைச்சாவு உறுதியான பின் கட்டிலடியில் நின்று நோயாளியுடன் கதைக்கக் கூடாது. ஏன் என்று ஒரு தம்பி கேட்டார். குடும்பத்துக்குக் குழப்பம் வரும் என்று ஒரு வரியில் சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போனார்கள். எனக்கு முன்னால் இருந்த ஒருவர், “செத்தவனோட ஆர் கதைக்கிறது, நாங்க என்ன பேய் ஓட்டுறவையோ” என்றார். அந்த வரிசை முழுக்கச் சிரித்தது.

நான் கையை உயர்த்தினேன். பிறகு இறக்கிவிட்டேன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான், ஒலிவாங்கியைக் கண்டால் சொல்ல வந்தது மறந்துவிடும். பஸ்ஸில் என் வீடு இருக்கிற பாலையூற்று வரும்வரை சொல்லியிருக்கலாமே, சொல்லியிருக்கலாமே என்று என்னையே அரித்துக்கொண்டு வந்தேன். அன்றிலிருந்து நித்திரையும் சரியில்லை. ஆனபடியால் எழுதுகிறேன். அந்த விதி எங்கிருந்து வந்தது என்பது எனக்குத் தெரியும். அதை எழுதினவர்கள் பாதிக் கதையைத்தான் கேட்டிருக்கிறார்கள்.

அதற்கு முதல் இன்னொன்று. ‘குடும்பத்தில் தீர்மானம் எடுப்பவரை அடையாளம் காணுங்கள்’ என்றும் திரையில் இருந்தது. எழுத இலேசு. எங்களிடம் நிரோஷன் என்று ஒரு தாதிய உத்தியோகத்தர் இருந்தார். குடும்பங்களிடம் தானம் கேட்கிற பொறுப்பு அவருடையது. கொழும்புக்குப் போய்ப் பயிற்சி எடுத்து வந்த புதிது, சப்பாத்து பளபளவென்று இருக்கும். ஒருநாள் மூதூரிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. நோயாளியின் மனைவி தலையைக் குனிந்தபடி இருக்கிறா, அவவுடைய தகப்பன் வாயே திறக்கவில்லை. கூட வந்த ஒருவர் மட்டும் டொக்டரைக் கேட்கிறார், தண்ணீர் வாங்கி வருகிறார், போன் எடுத்து ஊருக்குச் சொல்கிறார். நிரோஷன் ஆளைப் பிடித்துவிட்டார். இவர்தான் தீர்மானம் எடுப்பவர். தனியே கூட்டிக்கொண்டு போய் மூளைச்சாவு, தானம், புண்ணியம், மார்க்கத்தில் தடையில்லை என்று பெரிய மௌலவிமார் சொன்னது, எல்லாவற்றையும் விளக்கினார். அந்த மனிதர் பொறுமையாகக் கேட்டு, ஓம் ஓம் என்று தலையாட்டிவிட்டுக் கடைசியில் சொன்னார்: “நல்ல விஷயம்தான் சேர். ஆனா நான் ஓட்டோக்காரன். வள்ளத்தால வந்து இறங்கின இவங்களை ஜெற்றியில இருந்து ஏத்திக்கொண்டு வந்தனான்.”

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். அந்த நேரம் அந்த மனைவி அங்கேயே இருந்தா. ஒருவரும் அவவிடம் ஒரு சொல்லும் கேட்கவில்லை. ஆரிடம் கேட்பது என்பதை முகத்தையும் குரலையும் வைத்து எடைபோடாதீர்கள். வாயைத் திறந்து, நீங்கள் இவருக்கு என்ன முறை என்று கேளுங்கள். அதற்குப் பயிற்சி தேவையில்லை.

இனி அந்த விதிக்கு வருகிறேன்.

கிளிவெட்டியிலிருந்து ஒரு பொடியன். கஜன் என்று பெயர், மேசன் வேலை. மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்து தலையில் அடி. மூச்சு மெசினில் போட்டிருந்தார்கள். தாயும் தாயின் தம்பியும் வந்து வாசலில் இருந்தார்கள். தாய் மெலிந்த மனிசி, கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லுவா. மாமன்காரன் நேர்மாறு. ஆஸ்பத்திரிச் சோறு, மின்விசிறி, டொக்டர் வருகிற நேரம் என்று எல்லாவற்றிலும் பிழை பிடிப்பார். என்னைக் கண்டால், “என்னக்கா, கதவைப் பாக்கிறதுக்கும் சம்பளம் தாறாங்களோ?” என்பார். எனக்குக் கோபம் வரும். அதைவிட, இந்த மனிதர் நாளைக்கு என்ன ஆவார் என்ற யோசனை வரும்.

கஜனைப் பார்த்த மிஸ்ஸுக்குத் தர்ஷினி என்று பெயர். நான் கண்ட பிள்ளைகளுக்குள் தங்கமான பிள்ளை. மயக்கத்தில் கிடக்கிறவர்களோடும் கதைக்க வேண்டும், அவர்களுக்குக் கேட்கலாம் என்று தாதியர் கல்லூரியில் படிப்பிக்கிறார்கள் அல்லவா. மற்றவர்கள் அதைப் பரீட்சையோடு மறந்துவிடுவார்கள், தர்ஷினி மறக்கவில்லை. “தம்பி, முகம் துடைக்கப் போறன்.” “தம்பி, ஊசி, கொஞ்சம் நோகும், பொறுங்கோ.” “வெளியில நல்ல மழை தம்பி.” கஜன் வந்த நாளிலிருந்து இப்படித்தான். கண்ணாடிக்கு வெளியே நின்று தாய் அதைப் பார்த்துக்கொண்டே இருப்பா. அந்தப் பிள்ளையின் வாய் அசைவதைப் பார்த்துத்தான் அவ சாப்பிடவே போனா என்று நினைக்கிறேன்.

மூளைச்சாவு என்று டொக்டர்மார் உறுதி செய்தது ஒரு காலை நேரம். மயக்க மருந்து டொக்டர் குருநாகல்காரர், சிங்களவர், இங்கே வந்து தமிழ் படித்தவர். அதுவும் சுற்றிவளைக்கத் தெரியாத தமிழ். எங்கள் வேலைக்கு அதுவே நல்லது. தாயையும் மாமனையும் அறைக்குள் இருத்தி, “அம்மா, உங்கள் மகன் இறந்துவிட்டார். நெஞ்சு எழும்பி விழுவது மெசினாலே. மகனாலே இல்லை” என்றார். மாமன் தலையில் அடித்துக்கொண்டார். தாய் அழவில்லை. பார்க்கலாமா என்று கேட்டா. பார்க்கலாம் என்றார்.

நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். தாய் கட்டிலடியில் நிற்கிறா. உடம்பு சூடாக இருக்கிறது, நெஞ்சு எழும்பி விழுகிறது. அந்த நேரம் பார்த்துத் தர்ஷினி தொண்டைச் சளியை எடுக்கக் குழாயோடு வருகிறா. உறுப்புகளைக் காப்பாற்றுவதென்றால் பராமரிப்பை நிறுத்த முடியாது, அது பிழையில்லை. ஆனால் குனிந்து, வழக்கம்போல, “தம்பி, கொஞ்சம் நோகும், பொறுத்துக்கொள்ளுங்கோ” என்றா.

தாய் தர்ஷினியைப் பார்த்தா. பிறகு என்னைப் பார்த்தா.

இனி நடந்ததை நினைத்தால் இன்றைக்கும் தலை சூடேறுகிறது. அறைக்குத் திரும்பிப் போய் இருக்கவும் விடாமல் நிரோஷன் தொடங்கிவிட்டார். உங்கள் இழப்பை உணர்கிறோம், உங்கள் மகன் பலருக்கு வாழ்வு கொடுக்கலாம். பாடம் பண்ணின வசனம். தாய் அவரை முடிக்க விடவில்லை.

“தம்பி, அவனுக்கு நோகும் எண்டு அந்தப் பிள்ளை சொன்னவ. டொக்டர் செத்துப்போனான் எண்டு சொன்னவர். ரெண்டு பேரில ஆர் பொய் சொன்னது?”

“அது ஒரு பழக்கம் அம்மா. மிஸ் பழக்கத்தில சொன்னவ.”

“பழக்கத்தில நோகுமோ?”

மாமன் எழும்பிவிட்டார். உயிரோடு கிடக்கிறவனை வெட்டப் பார்க்கிறீர்கள், கிட்னிக்காகத்தான் இவ்வளவு நாளும் வைத்திருந்தீர்கள், ஊரைக் கூட்டுவேன் என்று கத்தினார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். அவர் கண்டதை வைத்துப் பார்த்தால் நானும் அப்படித்தான் கத்தியிருப்பேன். ஆனால் எங்கள் ஆட்கள் செய்ததைப் பாருங்கள். டொக்டர் திரும்ப முதலிலிருந்து மூளையின் படத்தை விளக்குகிறார். நிரோஷன் நடைபாதைக்கு வந்து, எல்லாவற்றையும் கெடுத்துவிட்டாய் என்று தர்ஷினியைத் திட்டுகிறார். தர்ஷினி சாமான் அறைக்குள் போய் அழுகிறா. இன்னொருவர் தாய்க்கு மனநல ஆலோசகரைக் கூப்பிடலாமா என்று கேட்கிறார். மனநலமாம். அந்த அறையில் ஒழுங்காக யோசித்த ஒரே ஆள் அந்த மனிசி.

அப்போதுதான் எங்கள் பொறுப்புச் சிஸ்டர் வந்தார். அவரைப் பற்றி அதிகம் எழுதினால் அவருக்குப் பிடிக்காது, பெயரும் போட மாட்டேன். அவர் முதலில் செய்தது, நிரோஷனிடம், “கேக்கிறதை விடு. இனி அதைப் பற்றி ஒரு சொல்லும் எடுக்காத” என்றது. இரத்த அழுத்தம் இறங்கிக்கொண்டு வருகிறது, கொழும்பிலிருந்து உறுப்பு எடுக்க வருகிறவர்களுக்கு அறிவிக்க வேண்டும் என்று நிரோஷன் தவித்தார். “அந்த அம்மாக்கு இப்ப மகன் உயிரோட இருக்கிறான். உயிரோட இருக்கிறவனுக்கு என்னத்தைக் கேக்கப் போறாய்?” என்று சிஸ்டர் கேட்டார்.

இரண்டாவது, தர்ஷினியை அழுகையோடேயே கையில் பிடித்து, தாய் இருந்த அறைக்குள் கூட்டிக்கொண்டு போனார். எனக்குப் பதறியது. மாமன் கையை நீட்டிவிடுவாரோ என்று நான் அவருக்கும் தர்ஷினிக்கும் நடுவில் போய் நின்றுகொண்டேன். நின்று என்ன செய்திருப்பேன் என்று கேட்காதீர்கள்.

“அம்மா, அவர் செத்துப்போனது எனக்குத் தெரியும்,” என்றா தர்ஷினி. “காலமையே தெரியும். கதைச்சுக் கதைச்சுப் பழகின வாய் அம்மா. நிப்பாட்டத் தெரியேல்லை.”

“நோகுமோ அவனுக்கு?”

“இல்லை அம்மா. ஒண்டும் நோகாது. நான் சொன்னது பிழை.”

தாய் யாரிடமும் இல்லாததுபோலச் சொன்னா: “இவன்ர தகப்பனையும் செத்துப்போனார் எண்டுதான் வந்து சொன்னவை. உடம்பைக் காட்டேல்லை. அண்டைக்கு நான் ஓம் எண்டு கேட்டுக்கொண்டு வீட்ட வந்தனான். இந்த முறை எனக்குக் காட்டுங்கோ.”

யுத்தம் நடந்த எங்கள் மாவட்டத்தில் இருக்கிற உங்களுக்கு இதற்கு மேல் நான் விளக்கத் தேவையில்லை. ஒரு குடும்பம் ஆஸ்பத்திரிக்குள் வரும்போது அதற்கு முன் அவர்களுக்குச் சொல்லப்பட்ட மரணங்கள் எல்லாவற்றையும் கொண்டுதான் வருகிறது. அதற்குத் திரையில் ஒரு வரியும் இல்லை.

காட்டுங்கள் என்றால் எதைக் காட்டுவது? மெசினைச் சற்று நேரம் விலக்கி, ஒட்சிசனை மட்டும் கொடுத்து, ஆள் தானாக மூச்சு எடுக்கிறாரா என்று பார்க்கிற சோதனை ஒன்று இருக்கிறதல்லவா. டொக்டர்மார் அதைச் செய்து முடித்தாயிற்று. அதைத் தாயின் கண் முன்னால் இன்னொரு முறை செய்யுங்கள் என்று சிஸ்டர் கேட்டார். டொக்டருக்கு விருப்பமில்லை. அழுத்தம் ஏற்கனவே சரியில்லை, இந்தச் சோதனையில் இதயம் நின்றாலும் நின்றுவிடும், பிறகு தாய் சம்மதித்தாலும் எடுக்க ஒன்றும் இருக்காது என்றார். அவர் சொன்னதும் நியாயம்தான். எங்கேயோ இரண்டு பேர் சிறுநீரகத்துக்காக வருஷக்கணக்காய்க் காத்திருக்கிறார்கள், அவர்களும் மனிதர்கள்தானே. நான் சிஸ்டரின் இடத்தில் இருந்திருந்தால் அங்கேயே மயங்கி விழுந்திருப்பேன்.

சிஸ்டர் சொன்னார்: “போனாப் போகட்டும் டொக்டர். நாங்க மகனைக் கொன்றுபோட்டம் எண்டு நினைச்சுக்கொண்டு இந்த மனிசி கிளிவெட்டிக்குப் போகக் கூடாது.”

டொக்டர் கையைக் கழுவிக்கொண்டு வந்தார்.

மாமன் உள்ளே வரவில்லை. பார்க்க மாட்டேன் என்று வாசலில் குந்திவிட்டார். தாயும், சிஸ்டரும், டொக்டரும், தர்ஷினியும், திரையைப் பிடித்துக்கொண்டு நானும். “இப்போது மெசின் இல்லை அம்மா. மகன் உயிரோடு இருந்தால் நெஞ்சு எழும்பும்,” என்றார் டொக்டர். தாய் மகனின் நெஞ்சில் கண்ணை வைத்தா. வைத்த அந்தக் கணமே தன்னுடைய மூச்சையும் பிடித்துக்கொண்டா. வேண்டுமென்று செய்தாவா, தானாக நடந்ததா, எனக்குத் தெரியாது. வாய் இறுக மூடியிருந்தது. அவவின் கழுத்து நரம்பு புடைத்தது. முகம் கறுத்துக்கொண்டு வந்தது. நான் அவவையும் அவனையும் மாறி மாறிப் பார்க்கிறேன். கடைசியில் அவவால் ஏலாமல் போயிற்று. ஓவென்று வாய் திறந்து மூச்சை இழுத்தா. அவனுடைய நெஞ்சு அப்படியே கிடந்தது.

தாய் இன்னொரு மூச்சு எடுத்தா. அதற்குப் பிறகும் ஒன்று. அவன் எடுக்கவில்லை.

“விடுங்கோ,” என்றா. “அவன் இல்லை.”

அதற்குப் பிறகுதான் அழுதா. டொக்டர் மெசினைத் திரும்பப் பொருத்தினார். அழுத்தம் விழுந்து, பிறகு தட்டுத்தடுமாறி ஏறிற்று. அழுகைக்கு ஒருவரும் குறுக்கே போகவில்லை. சிஸ்டர் தேத்தண்ணி கொண்டுவரச் சொல்லவில்லை, தோளில் கை வைக்கவில்லை, கதிரையை மட்டும் கிட்ட இழுத்து வைத்தார். நிரோஷன் கண்ணாடிக்கு வெளியே நின்று மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் போய் அவருக்கு முன்னால் மறைப்பாக நின்றேன்.

அழுது ஓய்ந்து, தாயே கேட்டா: “அந்தத் தம்பி என்னவோ கேக்க வந்தவர். என்னவாம்?”

நிரோஷன் உள்ளே வந்தார். பாடம் பண்ணினது எல்லாம் மறந்துபோயிற்று அவருக்கு. நல்ல காலம். “மகன்ர சிறுநீரகம், ஈரல், கண்... வேற ஆக்களுக்கு வைக்கலாம் அம்மா. அதைக் கேக்கத்தான் வந்தனான். வேண்டாம் எண்டாலும் பரவாயில்லை,” என்றார். அவர் வாயிலிருந்து நான் கேட்ட மிக நல்ல வசனம் அதுதான்.

தாய் மகனுடைய முகத்தைப் பார்த்தா. “உள்ளுக்க இருக்கிறதை எடுங்கோ. கண் வேண்டாம். ஊர்ச்சனம் முகம் பாக்க வரும்.”

கண்ணை எடுத்தாலும் முகத்தில் வித்தியாசம் தெரியாது, எடுப்பது கருவிழிப் படலம் மட்டும்தான் என்று விளக்க நிரோஷன் வாயைத் திறந்தார். சிஸ்டர் அவருடைய காலை மிதித்தார். பளபளவென்ற அந்தச் சப்பாத்தின் மேலேயே. தருவதாகச் சொன்னதை வாங்கத் தெரிய வேண்டும். சந்தையில் மீன் பேரம் பேசுவதுபோல் மேலும் கேட்கக் கூடாது. வேறெதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள்.

வெளியே மாமன் தமக்கையைப் பிடித்துக்கொண்டார். என்ன விசர் வேலை அக்கா, ஏமாத்திப் போட்டாங்கள், ஊரில் என்ன சொல்லுவோம் என்று.

“நீ பாத்தனியோ?” என்றா தாய்.

மாமன் கண்ணாடிப் பக்கம் திரும்பினார்.

“நான் பாத்தனான்.”

அதோடு அந்தக் கதை முடிந்தது. வகுப்புகளில் இந்த இடத்தோடு நிறுத்தி, வெற்றி என்று போடுகிறார்கள். பிறகு, மிஸ் கதைத்ததால்தானே இவ்வளவு பிரச்சினை, இனிக் கதைக்கக் கூடாது என்று விதி எழுதிவிட்டார்கள். விதி வந்த கையோடு எங்கள் பிள்ளைகள் ஊமையானார்கள். அடுத்து, சல்லி என்ற ஊரிலிருந்து வந்த ஒரு குடும்பம் என்னிடம் முறையிட்டது: “நேற்றுவரைக்கும் தம்பி தம்பி எண்டு கதைச்சவை, இண்டைக்கு விறகுக்கட்டையைப் பிரட்டுறமாதிரிப் பிரட்டுகினம் அக்கா. செத்தா அவ்வளவுதானோ மரியாதை?” அவர்கள் தானமும் கொடுக்கவில்லை, எங்களோடு முகம் கொடுத்துக் கதைக்கவும் இல்லை. இதையும் திரையில் போடலாமே. போட மாட்டார்கள்.

ஆனபடியால், கிளிவெட்டித் தாய் கடைசியாகக் கேட்டதை எழுதிவிட்டு முடிக்கிறேன். விதி எழுதினவர்கள் கேட்காமல் விட்ட பாதி இதுதான்.

கஜனை ஒப்பரேஷன் தியேட்டருக்குக் கொண்டுபோக ஆயத்தம் செய்தபோது தாய் சிஸ்டரிடம் சொன்னா, அந்தப் பிள்ளையும் மகனோடு போகட்டும் என்று. தர்ஷினியைத்தான். தியேட்டரில் அவவுக்கு வேலை இல்லை, அனுமதியும் இல்லை. அதற்காகச் சிஸ்டர் மூன்று இடத்துக்குப் போன் எடுத்து, இரண்டு பேரிடம் ஏச்சு வாங்கினார். பிறகு வந்து தாய்க்கு உறுதி சொன்னார்: “அவ வருவா அம்மா. இனிக் கதைக்க மாட்டா, நான் சொல்லிப் போட்டன்.”

“ஏன் அப்பிடிச் சொன்னனீங்கள்?” என்றா தாய். “கதைக்கட்டும். இவ்வளவு நாளும் கதைச்ச பிள்ளை. பொய் மட்டும் சொல்ல வேண்டாம்.”

கட்டிலைத் தள்ளிக்கொண்டு தியேட்டர் வாசல்வரைக்கும் போனோம். தாய் ஒரு கையால் கட்டில் கம்பியைப் பிடித்தபடி வந்தா. கதவு திறந்தது. அதற்கு அப்பால் அவ போக ஏலாது. தர்ஷினி தலைமாட்டில் நிற்கிறா, உதடு அசைகிறது, சத்தம் வரவில்லை. பயம். சிஸ்டரைப் பார்க்கிறா, என்னைப் பார்க்கிறா. நான் என்ன சொல்ல?

“சொல்லு பிள்ளை,” என்றா தாய்.

தர்ஷினி குனிந்தா. “தம்பி, தியேட்டருக்குள்ள போறம். அம்மா வாசல்வரைக்கும் வந்து நிக்கிறா.”

தாய் அதைக் கவனமாகக் கேட்டா. ஓம் என்று தலையை ஆட்டிவிட்டுக் கம்பியிலிருந்து கையை எடுத்தா.